காலியாக விட்ட கட்டம்

அந்த ஆஸ்பத்திரியில் போய் "சிலந்தி டீச்சர் எங்கே?" என்று கேட்டால் வாசல் காவலாளிகூடக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுவார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. இத்தனைக்கும் அவர் டீச்சரே இல்லை. தரைத்தளத்துக்கும் கீழே, தலைக்கு மேல் தண்ணீர்க் குழாய்கள் ஓடுகிற ரெக்கார்ட் ரூமில் கிளார்க். பழைய நோயாளிகளின் கோப்புகளைச் சரிபார்த்து அடுக்கி வைப்பதுதான் வேலை. பதினாறு வருஷமாக அதே நாற்காலி, அதே மேஜை விசிறி.

டீச்சர் ஆனது ஒரு விபத்து. சலவைப் பிரிவு, லிஃப்ட், துப்புரவு என்று கீழ்நிலையில் இருப்பவர்கள் பதவி உயர்வு பெற வேண்டுமானால் ஆங்கிலத்தில் ஒரு தேர்வு எழுத வேண்டும். பலரும் அதில் திரும்பத் திரும்பத் தோற்றதால், அதற்கு ஒரு வகுப்பு வைப்பது என்று நிர்வாகம் முடிவு செய்தது. யார் சொல்லிக் கொடுப்பது என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். இவர் மட்டும் மணி என்ன என்று சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டார். அவ்வளவுதான், தலையில் கட்டிவிட்டார்கள்.

"வாயைத் திறக்காமலே மாட்டிக்கிட்டு வந்த ஒரே ஆளு நீதான்" என்றார் கணவர். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். எதையும் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

டீச்சரே தபால் வழியில் படித்துத் தட்டுத் தடுமாறி ஆங்கிலம் கற்றவர். முதல் வேலைக்கான நேர்காணலில், "உன் வீட்டை விவரித்துச் சொல்" என்று கேட்டார்கள். "இட் இஸ் எ ஹவுஸ் சார்" என்று சொல்லிவிட்டுத் திருதிருவென விழித்தார். எதிரே இருந்த மூன்று பேரும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அப்படிப்பட்டவரைப் பிடித்து, விவரிக்கும் கட்டுரை சொல்லிக்கொடு என்றால் எப்படி இருக்கும்!

ஆமாம், தேர்வில் அதுதான் முக்கியமான கேள்வி. ஓர் இடத்தையோ பொருளையோ நூற்றைம்பது சொற்களில் விவரிக்க வேண்டும். காரணம் இல்லாமல் இல்லை. லினன் ஸ்டோரில், அதாவது துவைத்து மடித்த விரிப்புகளை வார்டுகளுக்கு அனுப்புகிற அறையில், பொறுப்பாளராக இருப்பவர், வந்த துணி எப்படி இருக்கிறது, எங்கே கிழிந்திருக்கிறது, என்ன கறை என்றெல்லாம் துணி விற்ற கம்பெனிக்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப வேண்டும்.

உடைந்த சக்கர நாற்காலிகள் குவிந்துகிடந்த ஒரு அறையில், வாரத்துக்கு இரண்டு நாள், மதியம் இரண்டரை முதல் நான்கு வரை வகுப்பு. பதினோரு பேர் வந்தார்கள். முதல் நாள், "நீங்க வேலை பாக்குற இடத்தைப் பத்தி எழுதுங்க" என்றார். பதினோரு தாளிலும் ஏறக்குறைய ஒரே விஷயம். அது பெரிய இடம். அது நல்ல இடம். எனக்குப் பிடிக்கும். லிஃப்ட்டுக்காரர் மட்டும் கூடுதலாக, "அது மேலே போகும், கீழே வரும்" என்று எழுதியிருந்தார்.

அன்று மாலை ரெக்கார்ட் ரூமில் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் டீச்சருக்குப் பொறி தட்டியது. வார்டு நர்ஸ்களில் சிலருக்கு இரண்டு வாக்கியம் சேர்த்து எழுத வராது. ஆனால் நோயாளியின் படிவத்தைக் கொடுத்தால் வலி எங்கே, எப்போதிலிருந்து, எப்படிப்பட்ட வலி, குத்துகிறதா எரிகிறதா என்று கட்டம் கட்டமாக அவ்வளவு துல்லியமாக நிரப்புவார்கள். எழுதச் சொன்னால்தான் பயம். கட்டத்தை நிரப்பச் சொன்னால் பயமில்லை.

அடுத்த வகுப்பில் கரும்பலகை நடுவே ஒரு வட்டம் போட்டார். வட்டத்திலிருந்து ஐந்து கால்களை நீட்டினார். ஒவ்வொரு கால் நுனியிலும் ஒரு கட்டம். பார்த்தது, கேட்டது, மோந்தது, தொட்டது, ருசித்தது.

"என்ன டீச்சர், சிலந்தியா?" என்றார் லிஃப்ட்டுக்காரர். "மூணு காலைக் காணோமே!"

பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான்.

நடுவட்டத்தில் தலைப்பை எழுது. ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் தமிழிலேயே மனதில் பட்டதை எழுது. பிறகு உன்னையே கேள்: எது மாதிரி? 'சத்தம்' என்றால் போதாது, எது மாதிரிச் சத்தம்? அதற்கப்புறம் ஆங்கிலச் சொல்லைத் தேடு. கடைசியில் எந்தக் கட்டம் முதலில், எது பின்னால் என்று எண் போட்டுக்கொண்டு வாக்கியமாக்கு. இதுதான் முறை. இரண்டு வாரத்தில் லிஃப்ட்டுக்காரர், கதவு மூடும்போது பல் தேய்ப்பது மாதிரி ஒரு சத்தம் வருகிறது என்று எழுதினார். வகுப்பே கை தட்டியது. டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை.

இதில் டீச்சர் ஒரு விதி வைத்திருந்தார். காலிக் கட்டம் கூடாது. ரெக்கார்ட் ரூம் புத்தி! ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் படிவத்தை வார்டுக்கே திருப்பி அனுப்பிப் பழகியவர். "எதாவது எழுதுங்க. காலியா மட்டும் விடாதீங்க" என்று தினமும் ஒரு முறையாவது சொல்வார்.

பதினோரு பேரில் எல்லாரையும்விட அந்தத் தேர்வு தேவைப்பட்டது சலவை அக்காவுக்குத்தான். இருபத்திரண்டு வருஷம் சலவைப் பிரிவின் ஈரப் பக்கத்தில் நின்றவர். ப்ளீச் தொட்டிக்கும் இயந்திரத்துக்கும் நடுவே எட்டு மணி நேரம். விரல் இடுக்குகளில் தோல் வெடித்து, பேனா பிடித்தால் தாளில் ரத்தக்கறை படும். லினன் ஸ்டோர் வேலை கிடைத்தால் காய்ந்த துணி, நாற்காலி, கையுறை இல்லாத கை. மூன்று தடவை எழுதித் தோற்றாயிற்று. ஐம்பது வயதுக்கு மேல் எழுத முடியாது. அக்காவுக்கு நாற்பத்தொன்பது முடியப்போகிறது.

"இந்தத் தடவையும் போச்சுன்னா, ரிட்டயர்டு ஆகுற வரைக்கும் தொட்டிதான் டீச்சர்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

அக்கா நன்றாகவே எழுதினார். தொடுவதையும் கேட்பதையும் எழுதினால் அசத்திவிடுவார். ஆனால் மோந்த கட்டத்தில் மட்டும் எப்போது பார்த்தாலும் ஒரே சொல்: சோப்பு. வார்டா? சோப்பு வாசம். பள்ளிக்கூடமா? சோப்பு வாசம். பூங்காவிலும் சோப்பு வாசம் வீசியபோது டீச்சர் பொறுமை இழந்துவிட்டார்.

"என்னக்கா இது, ஊரையே துவைச்சுப் போட்டுட்டீங்களா? மூக்கைக் கழட்டி வீட்டுல வச்சுட்டு வந்தீங்களா?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். டீச்சர் அதோடு அதை மறந்துவிட்டார்.

ருசிக் கட்டம்தான் எல்லாருக்கும் தொல்லை. ஒரு நாள் 'வார்டு' என்று தலைப்பு. வார்டில் என்ன ருசி? பதினோரு பேரும் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காலிக் கட்டம் கூடாதே! டீச்சரே ஒரு வரி எடுத்துக் கொடுத்தார். நாக்குக்கு அடியில் வைத்த மாத்திரை மாதிரி காற்று கசந்தது என்று ஆங்கிலத்தில் பலகையில் எழுதினார். அருமையாக இருக்கிறது என்று எல்லாரும் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். அவர்கள் குறித்துக்கொண்ட வேகத்தைப் பார்த்தாவது டீச்சர் உஷாராகியிருக்க வேண்டும்.

தேர்வு நடந்தது. தலைப்பு: பஸ் ஸ்டாண்ட். பத்து நாள் கழித்துத் தேர்வுப் பிரிவு மேடம் டீச்சரை அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். மேடம் கண்டிப்புக்குப் பெயர் போனவர், அநாவசியமாக ஒரு சொல் பேசமாட்டார். மேஜைமேல் பதினோரு தாள்களைப் பரப்பி வைத்திருந்தார். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் சிவப்புக் கோடு.

"பஸ் ஸ்டாண்டுல காத்து மாத்திரை மாதிரி கசக்குதாம். பதினோரு பேரும் எழுதியிருக்காங்க. ஒருத்தர் ரெண்டு தடவை எழுதியிருக்கார்" என்றார் மேடம். "பஸ் ஸ்டாண்டைப் பதினோரு பேரும் நக்கிப் பாத்தாங்களா?"

இரண்டு தடவை எழுதியவர் யார் என்று டீச்சருக்குத் தெரியும். லிஃப்ட்டுக்காரரைத் தவிர வேறு யார்!

"காப்பியடிச்சிருக்காங்க. எல்லா ரிசல்ட்டையும் நிறுத்தி வச்சிருக்கேன்."

டீச்சருக்கு அக்காவின் விரல்கள்தான் கண்முன்னால் வந்தன. "காப்பி இல்ல மேடம். அந்த வரி என்னோடது. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எந்தக் கட்டத்தையும் காலியா விடக்கூடாதுன்னு சொன்னதும் நான்தான். பஸ் ஸ்டாண்டுல ருசி எதுவும் கிடைக்கல, கையில இருந்ததை எடுத்துப் போட்டுட்டாங்க. தப்பு பண்ணது நான். தண்டனை அவங்களுக்கு வேண்டாம்."

மேடம் தாள்களை ஒன்றாக அடுக்கினார். பிறகு சொன்னார்: "வெள்ளிக்கிழமை என் கண் முன்னாடி திரும்ப எழுதட்டும். தலைப்பை அங்கதான் சொல்வேன். அந்த வட்டமோ சிலந்தியோ, அதைத் தாள்லயே போடச் சொல்லுங்க, நானும் பாக்குறேன். ரெண்டு தாள்ல ஒரே வரி இருந்தா எல்லாருக்கும் கேன்சல். உங்க வகுப்பையும் மூடிடுவேன்."

நடுவில் மூன்றே நாள். மறுநாள் மதியம் பதினோரு பேரையும் உட்கார வைத்து டீச்சர் நடந்ததைச் சொன்னார். "தப்பு என்னோடது. படிவத்துக்கு உள்ள சட்டத்தைக் கொண்டுவந்து உங்க தலையில போட்டுட்டேன். இனிமே உண்மையில என்ன இருக்கோ அதை மட்டும் எழுதுங்க. இல்லாததைக் காலியா விடுங்க."

அவர்களுக்கு அது அவ்வளவு சுலபமாக இறங்கவில்லை. காலியாக விட்டால் மார்க் போகாதா என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். லிஃப்ட்டுக்காரர் மட்டும், "அந்த மாத்திரை வரியை ஒரே ஒரு தடவை..." என்று இழுத்தார். டீச்சர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். அன்றும் அடுத்த நாளும் தலைப்பு மேல் தலைப்பாகக் கொடுத்து, போட்ட கட்டங்களில் எது பலமானது என்று பார்த்து மற்றதை அடிக்கச் சொன்னார். அடிப்பதற்குள் அவர்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் அக்கா மட்டும் நின்றார்.

"டீச்சர், எந்தக் கட்டத்தை வேணும்னாலும் விடலாமா?"

"எது தெரியலையோ அதை விடுங்கக்கா."

"தெரியலைன்னே எழுதினா?"

"எழுதுங்க. அதுவும் உண்மைதானே."

அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். டீச்சருக்கு வேறு கவலை ஆயிரம், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை மேடம் சொன்ன தலைப்பு, உங்கள் வீட்டுச் சமையலறை. நாற்பது நிமிஷம். டீச்சரை உள்ளே விடவில்லை. வெளியே நடைபாதையில் நடந்து நடந்து ஓய்ந்துபோனார். தேர்வு முடிந்து வந்தவர்களில் அக்கா மட்டும் ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று நேராகச் சலவைப் பிரிவுக்குப் போனார்.

திங்கட்கிழமை மேடம் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை ஒரே ஒரு தாள்தான் மேஜையில் இருந்தது.

"எந்த ரெண்டு தாள்லயும் ஒரே வரி இல்ல. ஆனா இதைப் படிங்க."

அக்காவின் கையெழுத்து. மேலே வட்டம், ஐந்து கால்கள். நான்கு கட்டங்கள் நிரம்பியிருந்தன. மோந்த கட்டம் வெள்ளையாக இருந்தது. ஓரத்தில் வழக்கமான ரத்தப் புள்ளி. கீழே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்கள். அவற்றைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

என் சமையலறைக்கு ஒரு ஜன்னல். காலையில் இரும்பு அலமாரி ஐஸ் மாதிரி சில்லென்று இருக்கும். மாவு ஈரமாகிவிட்டதா என்று விரலால் தொட்டே சொல்லிவிடுவேன். வெங்காயம் எண்ணெயில் முதலில் சத்தம் போடும், பிறகு சத்தம் குறையும். குறைந்ததும் அடுப்பைக் குறைப்பேன். நீங்கள் வாசனையைக் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. ப்ளீச் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. எந்த வருஷம் முழுசாகப் போனது என்று தெரியவில்லை. பால் தீய்ந்தால் என் மகள் அடுத்த அறையிலிருந்து கத்துவாள். அப்போதுதான் எனக்குத் தெரியும்.

டீச்சர் இரண்டு முறை படித்தார். மூக்கைக் கழட்டி வீட்டில் வைத்துவிட்டு வந்தீர்களா என்று கேட்டது தன் குரலிலேயே திரும்பக் கேட்டது. எல்லாரும் சிரித்ததும், அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்ததும் நினைவுக்கு வந்தன. அவமானம் பிடுங்கித் தின்றது. மேடம் எதிரில் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டார்.

மேடம் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். "பதினோரு தாள்ல இதுதான் முதல் மார்க். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. லினன் ஸ்டோர்ல துணி ஈரம் கோத்தா வாடை வரும். இவங்களுக்குத் தெரியாதே? இவங்களை எப்படி அங்க போடுறது?"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாளில் தொட்ட கட்டத்தைக் காட்டினார். "வாடை வர்றப்போ துணி ஏற்கெனவே கெட்டுருக்கும் மேடம். அதுக்கு முந்தியே இவங்க விரலுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் ஈரத்துணியில கிடந்த கை. வேணும்னா சோதிச்சுப் பாருங்க."

மேடம் விடவில்லை, சோதித்தே பார்த்தார். காய்ந்த விரிப்புகள் இருபதை அடுக்கி, நடுவில் இரண்டை மட்டும் லேசாக ஈரம் தெளித்து வைத்தார். அக்கா அடுக்கின் ஓரத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, "இது ஒண்ணு" என்றார். இன்னும் நாலு தள்ளி, "இது ஒண்ணு" என்றார். மேடம் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

பதினோரு பேரில் ஒன்பது பேர் தேறினார்கள். தோற்ற இருவரில் ஒருவர் லிஃப்ட்டுக்காரர். அவர் சமையலறைக்கு மேலும் கீழும் போகும் ஒரு கதவு வைத்து எழுதியிருந்தார்.

அன்று மாலையே டீச்சர் சலவைப் பிரிவுக்குப் போனார். நீராவியும் இரைச்சலுமாக இருந்தது. அக்கா தொட்டி ஓரத்தில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"எங்க டீச்சர் சொல்றது? மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா வேலைக்கே உலை வச்சிடுவாங்கன்னு பயம். நீங்களும் காலியா விடக்கூடாதுன்னுட்டீங்க. அதான் சோப்பைப் போட்டேன். சலவைக்காரி சோப்புன்னு சொன்னா யாரு சந்தேகப்படப் போறாங்க?"

"நான் அன்னிக்குக் கேட்டது... மன்னிச்சிடுங்கக்கா."

"அட விடுங்க. எனக்கே சிரிப்புதான் வந்துச்சு. வீட்டுல போய்த்தான் கொஞ்சம் அழுதேன்."

டீச்சர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். வெடித்த விரல்கள் சொரசொரவென்று இருந்தன.

அடுத்த மாதம் அக்கா லினன் ஸ்டோரில் உட்கார்ந்தார். ஒரு வாரம் ஆகியிருக்கும், மதிய இடைவேளையில் ரெக்கார்ட் ரூமுக்குப் போன் வந்தது. "டீச்சர், மூக்கை எடுத்துக்கிட்டு உடனே வாங்க" என்றார் அக்கா.

புது விரிப்புகள் கட்டுக் கட்டாக வந்து இறங்கியிருந்தன. கம்பெனிக்கு அனுப்பும் படிவத்தை அக்கா மேஜையில் விரித்து வைத்திருந்தார். நிறம், நெசவு, தடிமன், தையல் எல்லாம் நிரப்பியாயிற்று. வாசனை என்ற கட்டம் மட்டும் பாக்கி.

"இதைக் காலியா விட முடியாது. உங்க ரெக்கார்ட் ரூம் மாதிரி திருப்பி அனுப்பிடுவாங்க. மோந்து பாத்துச் சொல்லுங்க."

டீச்சர் ஒரு விரிப்பைப் பிரித்து முகத்தோடு வைத்து மூச்சை இழுத்தார். "துணி வாசம்."

"இதெல்லாம் ஒரு பதிலா? எது மாதிரி?"

"புதுசா... நல்லா இருக்கு."

"வெரி நைஸ்னு எழுதிடவா?" அக்கா பேனாவை மேஜையில் தட்டினார். "எது மாதிரின்னு கேக்குறேன்ல?"

டீச்சர் மறுபடி மோந்தார். கண்ணை மூடிக்கொண்டார். நேர்காணலில் மூன்று பேர் எதிரே திருதிருவென விழித்த அதே நிலைமை. ஆனால் அக்கா சிரிக்கவில்லை, பேனாவோடு காத்திருந்தார். டீச்சர் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

"புது நோட்டை முதல் தடவை பிரிச்சு, நடுப்பக்கத்துல மூக்கை வச்சா ஒண்ணு வருமே... அது மாதிரி. கூடவே கொஞ்சம் பசை வாசம்."

அக்கா உடனே எழுதவில்லை. கையில் இருந்த விரிப்பை மெல்ல முகத்தருகே கொண்டுபோனார்.

"என் பொண்ணு ஒண்ணாங்கிளாஸ் சேந்தப்ப வாங்கின நோட்டு. அட்டை போட்டுக் குடுத்தேன். அப்ப எனக்கு வாசனை இருந்துச்சு டீச்சர். அது தெரியும் எனக்கு. நல்லா ஞாபகம் இருக்கு."

முகத்தை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு விரிப்பை மடித்து வைத்துவிட்டு, அந்தக் கட்டத்தை நிரப்பினார்.